குளிரில் வைத்த குப்பி

காலை வெயில் கடற்பக்கக் குசினி யன்னலால் விழுகிறது. அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்து, பாரைத் துண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன வெறுங்குப்பியை எடுத்துச் சட்டை நுனியால் துடைக்கிறார். எங்கள் ஆய்வுகூடத்தில், கிண்ணங்களில் வளரும் புற்றுநோய்க் கலங்களுக்கு மட்டும் விடுகிற செயற்கைப் பெப்ரைட் என்ற புரதத்துண்டு இருந்த குப்பி அது. போன நத்தார் விடுமுறைக்கு முல்லைத்தீவு வந்தபோது இதை அம்மாவிடம் கொடுத்து, பெருமையில் “மருந்து” என்று சொன்னவள் நான். குளிரில்தான் வைப்போம் என்றும் சொன்னேன். “என்ர பிள்ளை மருந்து செய்யிறாள், இனிக் கிளினிக்குக்கு வரமாட்டன் எண்டு நேர்ஸ் மிஸ்ஸியிட்டச் சொல்லிப்போட்டன்,” என்று அம்மா சிரிக்கிறார். புற்றுநோய் ஊசியை நிறுத்தியதால் தலையில் திரும்ப முளைத்த அரைவிரல் முடியில் வெயில் மின்னுகிறது. “இதில என்னடி பிள்ளை எழுதிக்கிடக்கு?” என்று குப்பியை என்னிடம் நீட்டுகிறார். மனிதருக்குப் பாவிக்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. குப்பி என் கையில் வியர்க்கிறது. “மருந்தின்ர பேர், அம்மா.” அவர் அதை வாங்கி, ஐஸ்பெட்டியில் மீன் படாத பக்கமாகத் திரும்ப வைக்கிறார்.