படுத்து ஓட்டுகிற சைக்கிள்

படுத்ததும் வலி நின்றுவிட்டது.

சிரில் நம்பவில்லை. கால்களை நீட்டி, மார்புக்கு எதிரே தூக்கி நின்ற பெடல்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். வலது முழங்கால் வாயே திறக்கவில்லை. மணிக்கட்டுகளில் பாரம் இல்லை. கழுத்துகூட, யாரோ தலையணை வைத்துவிட்டது போலச் சும்மா இருந்தது.

"எப்படி இருக்கு அண்ணே?" என்றான் கடைக்காரன் யெர்னெய்.

சிரில் இன்னொரு சுற்று மிதித்தார். வருஷக்கணக்காக உடம்புக்குள் இரைந்துகொண்டே இருந்த ஒரு ரேடியோவை யாரோ அணைத்துவிட்டார்கள்.

"போர்த்தோரோஷ் கடற்கரைக்கு வெயில் காய வந்தவன் மாதிரி கிடக்கிறே. ஒரு குடையை நட்டு, கையில பியரைக் குடுத்தா சரியாப் போச்சு" என்றார் ராய்கோ.

ராய்கோ துணைக்கு வந்தவர். இளவயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சிரிலோடு சைக்கிள் ஓட்டுகிறவர்.

டாக்டர் பனி உருகும்போதே சொல்லிவிட்டார். பழைய சைக்கிளில் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தால் அந்த முழங்கால் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டாது. அப்புறம் எந்தச் சைக்கிளும் கிடையாது. படுத்து ஓட்டுகிற வண்டி என்றால் சாகும்வரை ஓட்டலாம்.

சாகும்வரை என்ற வார்த்தையை டாக்டர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஏத்தத்துல ஒரு தடவை பாத்துடுங்க" என்று யெர்னெய் கடைக்குப் பின்னால் இருந்த சந்தைக் காட்டினான். அது கல்லறைத் தோட்டம் வரை ஏறுகிற சந்து.

சமதரையில் வண்டி முதலில் தள்ளாடியது. பிறகு நீர்மேல் போவது போலப் போனது. வேலிக்குப் பின்னால் ஆப்பிள் மரங்கள் தலைக்கு மேலாக நகர்ந்தன. சிரில் தன்னையறியாமல் சிரித்தார்.

ஏற்றம் வந்ததும் வேகம் செத்தது. எழுந்து நின்று மிதிக்க இந்த வண்டியில் வழியில்லை. முன்சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடியது.

பக்கத்தில் நடந்து வந்த ராய்கோவின் கை தானாக நீண்டது.

புனித உர்பான் கோயில் மேட்டின் கடைசி வளைவில் ஞாயிறுதோறும் நடப்பதுதான் அது. யார் தளர்கிறாரோ, அவர் முதுகில் பின்னால் வருகிறவர் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவார். இறங்கி நடக்க விடமாட்டார்கள். நன்றி சொல்வது வழக்கமில்லை. மேலே போய்த் தேநீர் குடிக்கும்போது யாரும் அந்தப் பேச்சை எடுக்கவும் மாட்டார்கள்.

ராய்கோவின் கை முதுகைத் தேடியது.

முதுகு இருக்கைக்குள் புதைந்திருந்தது. கைக்குக் கிடைத்தது கெட்டியான பிளாஸ்டிக் ஓடுதான். அவர் அதன் விளிம்பைப் பிடித்துத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. சிரிலும் மூட்டை மாதிரி அதோடு நகர்ந்தார்.

"தள்ளுறதுக்கு இடமே இல்லையேடா உங்கிட்ட!"

சிரில் பிரேக்கைப் பிடித்தார். காலை ஊன்றினார். சந்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார்.

"இது வேண்டாம்."

"ஏன், எங்கேயாவது வலிக்குதா?"

"கழுத்து" என்றார்.

கழுத்து அப்போதும் சும்மாதான் இருந்தது.

"கழுத்தும் இல்லே, மண்ணும் இல்லே. ரோஷம்! ஊர்க்காரன் சிரிப்பான்னு பயம். கால் போனப்புறம் அந்த ரோஷத்தை வச்சு மிதிப்பியா?" ராய்கோ நிஜமாகவே கோபப்பட்டார்.

சிரில் மறுக்கவில்லை. ரோஷம் என்றே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பழைய சைக்கிளைத்தான் எடுத்தார். முழங்கால் முதல் வளைவிலேயே குத்தத் தொடங்கியது. பாதி மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ராய்கோ மட்டும் பின்னால், கோபம் தீராமல், பேசாமல் வந்தார்.

கடைசி வளைவு வந்தது.

வீட்டில், செத்துப்போன மனைவி ஸ்லாவ்காவின் கட்டில் பக்கம் மூன்று வருஷமாக விரிப்பு கசங்கவில்லை. கிராட்ஸில் இருக்கும் மகள் இரவு பேசும்போது போன் திரையில் முத்தம் கொடுப்பாள், திரை சில்லென்றிருக்கும். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கரண்ட் வைக்கிற பெண்கூடக் கையுறை போட்டுக்கொண்டு ஒயர்களை ஒட்டிவிட்டுப் போய்விடுவாள்.

அன்று காற்று பின்னாலிருந்து வீசியது. மேலே கோயில் மணிக்கூண்டு தெரிந்தது. வலி வலிதான், ஆனாலும் ஏறிவிடலாம்.

"என்ன கிழவா, செத்துட்டியா?" பின்னால் ராய்கோவின் குரல். கோபம் போயிருந்தது.

தோள்பட்டைகளுக்கு நடுவில், வியர்வையில் நனைந்த சட்டையின் மேல், அகலமான ஒரு உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. வெதுவெதுப்பாக.

கால்களில் இன்னும் தெம்பு இருந்தது.

சிரில் இன்னும் கொஞ்சம் மெதுவாக மிதித்தார்.