நாலாவது கதவு

மூன்றாவது ஞாயிறும் யாரோ வந்து போயிருந்தார்கள்.

கண் டாக்டர் தன் பழைய காரின் கதவுகளுக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அறுபது வருடக் கார். மாமனார் சாகும்போது மகனை விட்டுவிட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்துப்போனது. கல் தெறித்துப் பெயின்ட் பெயராமலிருக்க முன்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பிலிம் ஒட்டியிருந்தார். வாரம் தவறாமல் மெழுகுப் பூச்சு. துரு நுழைய வழியே இருக்கக் கூடாதென்று, கைக்குத் தட்டுப்பட்ட ஓட்டை, இடுக்கு எல்லாவற்றையும் பசை வைத்து அடைத்திருந்தார்.

அந்தப் பசையைத்தான் யாரோ குத்தி எடுக்கிறார்கள். கதவுக்கு இரண்டு ஓட்டை. இவர் அடைப்பார், மறு ஞாயிறு இவர் இலவசக் கண் முகாமுக்குப் போன நேரமாகப் பார்த்து மறுபடி திறந்திருக்கும்.

"தண்ணி உள்ள போய்த் துரு தின்னட்டும்னு எவனோ வயித்தெரிச்சல்ல பண்றான்," என்றார் மனைவியிடம்.

"அது இருக்கட்டும். கதவைச் சாத்தினா சளக்னு ஒரு சத்தம் வருதுங்க."

"பழைய கார்னா அப்படித்தான். உனக்கு என்ன தெரியும்?"

கேமரா வைத்தார். அந்த வாரம் நல்ல மழை. ஞாயிறு காலை, முகாமில் இருந்தபடியே போனில் பார்த்தார். சுவரேறிக் குதித்து, காருக்கடியில் குனிந்திருந்த முகத்தைக் கண்டு அவருக்கு ஆச்சரியமே இல்லை. மனைவியின் தம்பி. கார்களுக்கு டிங்கரிங் வேலை செய்பவன். "அப்பா கார் எனக்குத்தான்" என்று சண்டை போட்டுப் பேச்சு வார்த்தை நின்று ஆறு வருடம்.

உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். டாக்டர் வந்து சேர்வதற்குள் ஏட்டு அவனைக் கையும் களவுமாகப் பிடித்து, ஈர வாசலில் நிறுத்தியிருந்தார்.

"ஓட்டை போட்டது நீதானாய்யா?"

"நான்தான் சார்."

"கூசாம சொல்றான் பாருங்க! எழுதுங்க ஏட்டய்யா, உள்ள தள்ளுங்க."

"எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தாங்க," மனைவி குறுக்கே வந்து நின்றாள். "கேஸ்னு போயிட்டா இந்த ஜென்மத்துல அவன் இந்தப் படி ஏறுவானா?"

"ஏற வேண்டாம்னுதான் சொல்றேன்!"

ஏட்டு பெயரை எழுதிக்கொண்டே கேட்டார். "எதுக்குய்யா இப்படிச் செஞ்சே?"

"சொன்னா அத்தான் நம்ப மாட்டாரு சார். மூணு கதவு முடிஞ்சுது. நாலாவதையும் முடிச்சிட்டு வந்துடறேனே?"

"போலீஸ் முன்னாடியேவா!" டாக்டர் கத்தினார்.

ஏட்டுக்கு அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, தலையசைத்தார். அவன் மண்டியிட்டு, கம்பியைக் கதவடியில் விட்டுத் திருகினான்.

உள்ளிருந்து செம்பழுப்புத் தண்ணீர் கொட்டியது. ஏட்டின் பூட்ஸ் நனைந்தும் நிற்கவில்லை.

"மழைத்தண்ணி கண்ணாடி இடுக்குல உள்ள இறங்கத்தான் செய்யும் அத்தான். அது வெளியே போறதுக்குன்னே கம்பெனியில வச்ச ஓட்டை இது. சளக்னு சத்தம் வருதுன்னு அக்கா போன்ல சொல்லிச்சு. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட சொல்லலாம்னா, என் போனை என்னிக்கு எடுத்தீங்க?"

சில உதவிகளைக் கடவுளும் சுவரேற்றித்தான் அனுப்பவேண்டியிருக்கிறது.

"இப்ப நான் என்ன சார் பண்ணட்டும்?" ஏட்டு புகார்த் தாளை நீட்டினார்.

டாக்டர் பேனாவை வாங்கி, 'குற்றம் செய்தவர்' என்ற இடத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு, புகார் கொடுத்தவர் பெயரையே அங்கும் எழுதினார்.