கழற்றிக் கொடுத்த தகடு
கோட்டைச் சுவரோரம் மணல் கொதிக்கிறது. படுத்துக் கிடக்கும் கழுதையின் முறிந்த முன்னங்காலில் மூங்கில் வைத்துப் போட்டிருந்த கட்டை மிருக வைத்தியர் பரமநாதன் அவிழ்க்கிறார். இலையான்கள் எழும்பி மறுபடி மொய்க்கின்றன. தலைமாட்டில் குந்தியிருக்கும் அதன் சொந்தக்காரன், தண்ணீர்க்கார மீராசாஹிபு, மடியிலிருந்து உருக்குத் தகடொன்றை எடுத்து நீட்டுகிறான். கொழும்பில் வெள்ளைக்கார டொக்டர் அவனுடைய தொடையெலும்பைப் பிணைத்து, பொருந்தியபின் கழற்றிக் கொடுத்த தகடு. “இதைப் போட்டுவிடுங்கோ ஐயா. என்னை நடக்க வைச்சதெல்லோ.” “ஆர் இந்தக் கட்டுப் போட்டது?” “நான்தான். எலும்பு அசையக்கூடாதெண்டு இறுக்கிக் கட்டினனான்.” “அந்த இறுக்கத்திலை ரத்தம் ஓடாமல் கால் செத்துப்போச்சு. இனித் தகடு பிடிக்காது.” கழுதையைச் சுட்டுவிட வைத்தியர் துவக்கை எடுக்க எழும்புகிறார். மீராசாஹிபு நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. கட்டுப் போட்டு இறுக்கிய அந்தக் கையில் வியர்வையில் நனைந்திருக்கும் தகட்டை, கழுதை உப்புக்காக நக்கிக்கொண்டிருக்கிறது.