முப்பதடி தள்ளி ஒரு குடும்பம்

முப்பதடி முன்னால் அனந்தராமன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான்.

பத்ரியும் சட்டென்று குனிந்து, அவிழாத தன் லேஸை அவிழ்த்துக் கட்டினான்.

தொழில் அப்படி. இரை நின்றால் நிற்க வேண்டும். நடந்தால் நடக்க வேண்டும். திரும்பினால் மட்டும் அங்கே நாம் இருக்கக் கூடாது.

பதினோரு வருஷமாகப் புனேயில் மாப்பிள்ளைகளை வேவு பார்த்துச் சொல்கிறவன் பத்ரி. குடியா, சீட்டாட்டமா, ஏற்கெனவே ஒரு குடித்தனமா, எல்லாம் பத்தே நாளில் பெண் வீட்டார் கையில் இருக்கும்.

இந்த அனந்தராமனுக்கு மட்டும் ஆறு வாரம் ஆகிவிட்டது.

கிளையண்ட், பெண்ணின் சித்தியாம். குரல் கேட்டதில்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். ஆபீஸில் விசாரிக்க வேண்டாம், ஞாயிறு காலையில் பையன் யாரோடு சுற்றுகிறான் என்று மட்டும் பாருங்கள், தனியாகப் போனால் கண்ணில் படுவீர்கள், குடும்பத்தோடு போங்கள் என்று முதல் நாளே எழுதிவிட்டாள். பையன் எந்தப் பக்கம் நடக்கப் போகிறான் என்பதும் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடும்.

கெட்டிக்காரச் சித்தி என்று பத்ரி நினைத்துக்கொண்டான்.

அப்படித்தான் மனைவி வைஜயந்தியும் எட்டு வயது ஸ்நேஹாவும் அவன் தொழிலுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. சும்மா காலாற நடந்துவிட்டு வருவோம் என்று அவன் கூப்பிட்ட முதல் ஞாயிறு, காய்ச்சலா என்று வைஜயந்தி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

பையனும் தோதான பையன். சாரஸ் பாக், பர்வதிக் கோயில், யுனிவர்சிட்டி ஆலமரத்தடி என்று, எட்டு வயசுக் காலுக்கு ஏற்ற தூரம்தான் போவான். அங்கங்கே உட்காருவான். நடை முடிகிற இடத்தில் தவறாமல் ஒரு லிம்பூ சர்பத் வண்டி நிற்கும்.

இன்று ஃபெர்குசன் கல்லூரிக்குப் பின்னால் அனுமன் டேக்டி. மலை என்றால் மலை கோபித்துக்கொள்ளும், குன்றுதான். பாதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாயைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள், மனிதர்களை இழுத்துக்கொண்டு நாய்கள்.

"அப்பா, லவ்கர், லவ்கர்! சீக்கிரம் வா. அங்கிள் போயிடுவாங்க."

ஸ்நேஹா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்த அங்கிள்?"

"உன் அங்கிள். டெய்லி சண்டே அவங்க பீச்சே பீச்சே, பின்னாடியேதானே நாம போறது?"

பதினோரு வருஷத்தில் ஒரு மாப்பிள்ளைகூட அவனைக் கண்டுபிடித்ததில்லை. மூன்றாம் வகுப்பு கண்டுபிடித்துவிட்டது.

ஓரக்கண்ணால் வைஜயந்தியைப் பார்த்தான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதில் மும்முரமாக இருந்தாள். நல்ல வேளை.

உச்சிக்கு வந்தார்கள். கீழே ஊர் இன்னும் பனிக்குள் கிடந்தது. ஸ்நேஹா யாருடைய நாய்க்குட்டியோடோ ஓடினாள். அனந்தராமன் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றான். ஆறு வாரமும் இதே கதை. ஒரு சிகரெட் இல்லை, ஒரு பெண் இல்லை, குரல் தாழ்த்திய ஒரு போன்கூட இல்லை.

இனி இழுக்க முடியாது. இன்று ரிப்போர்ட் வேண்டும் என்று சித்தி சொல்லியிருந்தாள்.

ரிப்போர்ட் போனால் கேஸ் முடிந்தது. அடுத்த ஞாயிறு கராடியில் வேறொரு மாப்பிள்ளை. ஐடி பார்க் வாசலில், காருக்குள், நாள் முழுக்கத் தனியாக. கேஸ் இல்லாமல் நடக்கலாமே என்றால், கேஸ் இல்லாத ஞாயிறு என்று ஒன்று அவனுக்கு வந்ததே இல்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஸ்நேஹா அவனிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. பேச அவன் வீட்டில் இருந்ததில்லை. இப்போது ஏற்றம் வந்தால், கேட்காமலே அவள் கை அவன் கைக்குள் வந்துவிடுகிறது.

சிக்னல் இல்லை என்று வைஜயந்தியிடம் சொல்லிவிட்டு ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போனான். டைப் அடித்தான்.

'பையன் தங்கம். பழுது சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. விசாரணை முடிந்தது.'

கட்டைவிரல், அனுப்பும் அம்புக்குறிக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்தார்கள். ஆண் குரல். மூச்சு வாங்கியது.

"அக்கா, அடுத்த சண்டே நான் எங்க நடக்கணும்? ஏத்தம் மட்டும் வேண்டாம்க்கா. பர்வதிப் படி ஏறினதுலேர்ந்தே முட்டி போச்சு."

"இருடா அனந்து. இன்னிக்கு ரிப்போர்ட் தரேன்னு சொல்லியிருக்கார். வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

வைஜயந்தியின் குரல்.

ஆபீஸில் விசாரிக்க வேண்டாம் என்றது இதனால்தான்; அனந்து அவள் ஆபீஸ் பையனாகத்தான் இருக்க வேண்டும். ஊரில் அத்தனை பேரையும் விசாரித்தவன், கிளையண்ட் யாரென்று மட்டும் விசாரிக்காமல் விட்டிருக்கிறான்.

அடித்ததை எழுத்தெழுத்தாக அழித்தான். புதிதாக அடித்தான்.

'பையன் மேல் சந்தேகம் வலுக்கிறது. இன்னும் பத்து ஞாயிறாவது பின்தொடர வேண்டும்.'

அனுப்பினான்.

பாறைக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்றது.



"பாஷாண் ஏரி," என்றாள் வைஜயந்தி. "ஏத்தமே கிடையாது. ஆனா முட்டிக்கு ஒரு தைலம் வாங்கி வச்சுக்கோ. பத்து வாரம் இருக்கு."