கனகவதனி செட்டு

துணி துவைக்கிற கல்லில் முதல் இசைத்தட்டை ஓங்கி அடித்தாள் கிளியம்மாள். அது அப்பளம்போல் நொறுங்கியது. "ஒழிஞ்சா சனியன்" என்று அடுத்ததை எடுத்தாள்.

மகள் ரேணுகாம்பாள் உள்ளேயிருந்து ஓடிவந்து கையைப் பிடித்தாள். "இன்னாம்மா பண்ற நீ? அப்பா உசிரா வெச்சிகினு இருந்த செட்டும்மா அது!"

"அதுக்குத்தான் ஒடைக்கிறேன். காரியம் முடிஞ்சிது. அவரே போயிட்டாரு. இன்னும் இவளுக்கு என் வூட்ல இன்னா வேல?"

மகளின் கையை உதறிவிட்டு ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசித் தட்டு உடைந்த பிறகுதான் மூச்சு வாங்கக் கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

பொன்னுரங்கம் சின்ன வயதில் மேடவாக்கத்தை விட்டு ஓடிப்போய் ஒரு நாடகக் கம்பெனியில் இருந்தவர். அந்தக் கம்பெனி ஊர் ஊராகப் போட்ட நாடகம் 'கனகவதனி'. மேடையில் நடித்தவர்களையே பாடவைத்து, முழு நாடகத்தையும் இசைத்தட்டு செட்டாகப் போட்டார்கள். ஊர் திரும்பியபோது அவர் கையில் இருந்த சொத்து அந்த செட்டு ஒன்றுதான்.

அவருடைய அப்பா அவரை அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார். நாடகப் பேச்சை இனிமேல் யாரிடமும் எடுக்கக் கூடாது. வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும். பிறகு கிளியம்மாளைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள்.

பொன்னுரங்கம் சத்தியத்தை மீறவில்லை. ஆனால் வயலிலிருந்து வந்து சாப்பிட்டதும் கிராமபோனுக்குச் சாவி கொடுத்துவிடுவார். காட்டில் தனியாக விடப்பட்ட கனகவதனி தன் ராஜாவை நினைத்துப் பாடுகிற பாட்டு. மெல்லிய, கீறல் விழாத குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில நாள் கன்னத்தில் கண்ணீர் வழியும்.

கல்யாணமான புதிதில் கிளியம்மாள் ஒருமுறை கேட்டுவிட்டாள். "யாரு இவ?"

அவர் கிராமபோனிலிருந்து முள்ளைத் தூக்கி வைத்தார். "எனக்கு மீசை அரும்பறப்பவே அவ செத்துட்டா கிளி."

தட்டை எடுத்து உறையில் போட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

உயிரோடு இருந்தால் தேடிப்போய் மயிரைப் பிடித்து உலுக்கியிருப்பாள். செத்தவளை என்ன செய்வது? பிள்ளைகள் பிறந்தார்கள், ஏரிப் பக்கத்து நிலமெல்லாம் பிளாட்டானது, வீட்டுக்குக் கலர் டி.வி.கூட வந்தது. அந்தக் குரல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்து அவருக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் நின்றுவிட்டது. படுத்த இடத்திலிருந்து நல்ல கையை நீட்டி கிராமபோனைக் காட்டுவார். கிளியம்மாள் பார்க்காததுபோல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவாள். சாகிற அன்றும் அவர் காட்டினார். அன்றும் அவள் குடத்தை எடுத்தாள்.

"என்னப் பாத்து ஒரு நாளாவது அவரு கண்ணு கலங்கிருக்குமாடி?" என்றாள் மகளிடம். ரேணுகாம்பாள் உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் தாம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, வழி விசாரித்துக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். மாலை போட்ட படத்தின் முன்னால் கைகூப்பி நின்றார். தோள் குலுங்கியது.

"என் பேரு வீராசாமி. சேதி லேட்டாத்தான் தெரிஞ்சுது தங்கச்சி. நாடகத்துல ராஜா வேஷம் நான்தான். நானும் பொன்னுரங்கமும் ஒரே பாய்ல படுத்து வளந்தவங்க."

கிளியம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ரேணுகாம்பாள் காபி கொண்டுவந்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவன்கிட்ட கனகவதனி செட்டு இருந்துச்சு. அந்தக் காட்டுப் பாட்டை ஒரே ஒரு தடவை போடுவியாம்மா? நான் தேடாத ஊர் இல்ல. வேற யாருகிட்டயும் இல்ல."

ரேணுகாம்பாள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒடைச்சிட்டேன்" என்றாள் கிளியம்மாள்.

"எதை?"

"அல்லாத்தையும்தான். அந்தப் பொம்பள கொரலு இனிமே என் வூட்ல கேக்க வேணாம்."

"எந்தப் பொம்பளைம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கண்ணா. கனகவதனியா வந்து பாடுனாளே, அவதான். கூடவே இருந்துகினு உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? யாரு அவ, எந்த ஊரு? எங்க வூட்டுக்காரரு அவள கட்டிக்கிறதா இருந்தாரா? இத்தினி வருசம் மனசுலயே வெச்சிகினு வெந்துட்டேன். இனிமே மறைச்சி இன்னா ஆவப்போவுது? சொல்லுங்க."

கிழவர் டம்ளரைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார். கொல்லைக் கதவு வழியே, துவைக்கிற கல்லைச் சுற்றிக் கிடந்த கறுப்புத் துண்டுகளைப் பார்த்தார்.

"எங்களது பாய்ஸ் கம்பெனிம்மா, பொம்பளைங்களே கிடையாது" என்றார். "குரல் உடையற வரைக்கும் கனகவதனி நம்ம பொன்னுரங்கம்தான்."