கடலடியில் நடக்கிறவன்

அது பெரிய உலகம், அரைகுறை வேலை. அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் குதிரைகள் மண்ணில் பாதி புதைந்து ஓடும். செத்துப்போன ராஜா மறுநாள் சந்தையில் நின்று மீன் விலை கேட்பார். வாங்கியவர்களெல்லாம் திட்டித் தீர்த்தார்கள், டிஜோவுக்கோ அது உயிர். அவனுடைய வீரன் கடலில் விழுந்தால் மூழ்குவதில்லை, அடிமணலில் நடந்தே கரையேறிவிடுவான்.

“ஆயிரம் குறை இருக்கட்டும்லே, இதுல கடல்ல ஒருத்தனும் சாவ மாட்டான்” என்று தம்பி ரெனிஷிடம் சொல்லிச் சிரிப்பான்.

2011 ஆடிக் காற்றில், மீன்பிடிக்கப் போன டிஜோவின் வள்ளம் மட்டும் ஆளில்லாமல் மணவாளக்குறிச்சியில் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்காமலே கோயிலில் அவனுக்கு இறந்தோர் பூசை வைத்தார்கள். அம்மா கிரேசி அதற்குப் போகவில்லை.

பிறகொரு மத்தியானம் ரெனிஷ் அந்த விளையாட்டைத் திறந்தான். அண்ணன் விட்ட இடத்தில், கடலின் ஆழத்தில் வீரன் நடந்துகொண்டிருந்தான். ரெனிஷ் எதையும் தொடாமல் அணைத்தான். மறுநாள் திறந்தபோது தண்ணீர் வெளுத்திருந்தது. அடுத்த நாள் அது வீரனுக்குக் கழுத்தளவு. அப்புறம் முழங்காலளவு.

கடைசியில் வீரனைக் காணவில்லை, கரை மட்டும் இருந்தது. மணலில் ஈரக் கால்தடங்கள் ரெனிஷை நோக்கி வந்து, திரையின் கீழ்விளிம்பில் முடிந்தன. அவன் வயரைப் பிடுங்கினான்.

பின்வாசலில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கடலுக்குப் போய்வருகிறவர்கள் காலில் ஒட்டிய கருமணலைக் கழுவாமல் அந்த வீட்டுக்குள் வருவதில்லை.

“ரெனிஷே,” அடுக்களையிலிருந்து கிரேசி கூப்பிட்டாள், “அண்ணனுக்குத் தல தொவட்டத் தோர்த்து எடுத்துக் குடு மக்கா.”