வெண்குடையார் வீட்டுக் கல்யாணம்

டயர் கடை தெய்வசிகாமணி ஒரு சின்னக் குப்பியில் எச்சிலைத் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பத்தாம் நாள் வெண்குடையார் தெய்வசிகாமணி ஆகிவிட்டார். ராஜ வம்சமாம், மரபணுவே சொல்லிவிட்டது. கடைப் பலகை மாறியது. மீசையும் கொஞ்சம் மேலேறியது.

வம்சம் வந்தால் பங்காளிகளும் கூடவே வருவார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. உலகம் முழுக்க நாற்பதாயிரம் பேர். எவர் கண்ணை மூடினாலும் சோதனைக் கம்பெனியின் செயலி செல்போனில் கர்ம சிரத்தையாகச் சொல்லும்: "உங்கள் வெண்குடையார் பங்காளி காலமானார். பதினாறு நாள் தீட்டு." மகள் யாழினியின் கல்யாணம் இப்படியே நான்கு முறை தள்ளிப்போனது. கடைசி முறை, கனடாவில் எவரோ மீன் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்திருந்தார்.

"முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் நான் தீட்டுக் காக்கணுமாப்பா?" என்றாள் யாழினி.

"ராஜ வம்சம்னா சும்மாவா?" என்றார்.

ஐந்தாவது முகூர்த்தத்தன்றுதான் அவருக்குப் புத்தி வந்தது. தன் வீட்டார் அத்தனை பேரின் செல்போனையும் அணைத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். அவன் மடியிலிருந்த செல்போன் கணீரென்று பேசியது: "உங்கள் வெண்குடையார் பங்காளி காலமானார்."

மேளம் நின்றது. சம்பந்தி மட்டும் பெருமையாகச் சிரித்தார். "உங்க அந்தஸ்துக்கு நாங்களும் சமமா இருக்க வேண்டாமா? போன மாசம் துப்பினோம், நேத்துதான் முடிவு வந்துச்சு."

ஐயர் தாலியை வாங்கித் தட்டில் வைத்தார். யாழினி மாலையைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"பங்காளி வீட்டுப் பையன் எனக்கு அண்ணன். உங்களுக்கு மகன் முறை, வெண்குடையாரே. அவருக்கு நல்ல பொண்ணா நீங்களே பாருங்க."